புதுச்சேரியில் நாயோடு போகக்கூடிய கடை, டாக்டர், ஆட்டோ எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லாஸ்பேட்டைக்குப் புதுசு

சென்னையிலிருந்து லாஸ்பேட்டைக்கு வீடு மாறி வந்திருக்கிறோம். கூடவே கோகோ, மூன்று வயது லேப் (லேப்ரடார் நாய்), 30 கிலோவுக்கு மேல் இருப்பான். யாரையும் கடிக்க மாட்டான், ஆனால் யாரைப் பார்த்தாலும் மேலே ஏறி நக்கப் போவான், எங்களுக்குத் தலைவலியே அதுதான். நாயை உள்ளே விடும் கஃபே எது என்று தேடினால் ஒயிட் டவுன் பக்கம் நாலைந்து பெயர் வருகிறது, போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் "சார், வெளியே உட்காருங்க" என்கிறார்கள், அந்த வெளியே என்பது மொட்டை வெயில். எனக்கு கஃபே அவ்வளவு முக்கியமில்லை. காலையில் அவனோடு நடந்து போய்ப் பாலோ மாத்திரையோ வாங்கிக்கொண்டு வர முடிகிற கடைகள், நல்ல டாக்டர், நாயை ஏற்றும் ஆட்டோ, ஊருக்குப் போனால் விட்டுப் போக ஓர் இடம், இவ்வளவுதான் வேண்டும். லாஸ்பேட்டை, சாரம், முத்தியால்பேட்டைக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

வைத்திக்குப்பம் வாசி

வாங்க வாங்க. கடற்கரைச் சாலையிலிருந்து தொடங்குங்கள். சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், தெரிந்திருக்கும். ஆனால் சாயங்காலம் போகாதீர்கள், சனி ஞாயிறு என்றால் நினைக்கவே வேண்டாம். பலூன், சுண்டல், குழந்தைகள், செல்ஃபி எடுப்பவர்கள் என்று கால் வைக்க இடம் இருக்காது, உங்கள் கோகோ முதல் சுண்டல் பொட்டலத்திலேயே மானத்தை வாங்கிவிடுவான். விடியற்காலை 5.30-க்குப் போங்கள். பழைய கலங்கரை விளக்கம் பக்கம் நாயோடு வருபவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறோம். நாயின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும், ஆட்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

கடை என்று கேட்டால், எங்கள் தெருமுனை டீக்கடைதான் என் கணக்கில் முதலிடம். போர்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. கடைக்காரர் பொறை பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டாலே எங்கள் மணி தெருக்கோடியிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போவான். அவர் ஒரு பொறையை இரண்டாக உடைத்து, பாதியை மணிக்கும் மீதியைக் கடை வாசலில் படுத்திருக்கும் தெருநாய்க்கும் போடுவார், முதலில் தெருநாய்க்கு. ஏன் என்று கேட்டேன், "அது இங்கேயே இருக்கு, உன்னுது விருந்தாளி" என்றார். அந்த வரிசை மாறினால்தான் சண்டை வருமாம். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

கடைக்காரன்

நேரு வீதிப் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜவுளிக் கடை இருக்கிறது, அந்தப் பக்கத்துக் கதையையும் யாராவது சொல்ல வேண்டுமே. நாய் என்றால் எனக்குப் பிடிக்கும், வீட்டில் சிப்பிப்பாறை வளர்த்தவன்தான். ஆனால் கடைக்குள் ஏன் விடுவதில்லை என்று கேளுங்கள். ஒருவர் அழகான கோல்டன் ரெட்ரீவரோடு வந்தார், உள்ளே விட்டேன். கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பெட்ஷீட் மேல் அது காலைத் தூக்கியது. அவர் சிரித்துக்கொண்டே "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டு, நாயைக் கொஞ்சியபடி அடுத்த கடைக்குப் போய்விட்டார். துவைத்தால் புதுத்துணி என்று விற்க முடியுமா?

இன்னொன்று, என் வாடிக்கையாளர்களில் கோட்டகுப்பத்திலிருந்து வரும் முஸ்லிம்கள் நிறைய. நாயின் எச்சில் துணியில் பட்டால் அவர்கள் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் தொழ முடியும். நாய் மேல் வெறுப்பெல்லாம் இல்லை, அது அவர்கள் முறை. உங்கள் லேப் அன்பாக நக்கினாலும் அவர்களுக்கு வீடு போய் உடை மாற்றும் வேலை. இதையெல்லாம் யோசித்துத்தான் வாசல் தூணில் ஒரு இரும்பு வளையம் அடித்து வைத்திருக்கிறேன். கட்டிவிட்டு வாருங்கள், கண் பார்வையிலேயே இருக்கும், தண்ணீரும் வைக்கிறேன். இதற்கு மேல் என்னால் முடியாது.

நாட்டுநாய்க் கட்சி

@கடைக்காரன், அண்ணே, வளையமும் தண்ணீரும் வைத்திருக்கும் நீங்கள்தான் இந்த இழையில் தேடுகிற கடையே. 'பெட் ஃப்ரெண்ட்லி' என்று போர்டு மாட்டி, இன்ஸ்டாகிராமில் நாய்ப் படம் போட்டுவிட்டு, சாதா நாட்டு நாயோடு போனால் மூஞ்சியைச் சுளிக்கும் இடங்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல். இதை அனுபவித்தவள் நான். என்னுடையது தெருவில் எடுத்து வளர்த்த செவலை. பட்டை, லீஷ், தடுப்பூசி எல்லாம் உண்டு. ஒரு கஃபேயில் "இது ஸ்ட்ரீட் டாக் மாதிரி இருக்கே மேடம், மற்ற கெஸ்ட்..." என்று இழுத்தார்கள். பக்கத்து மேசைக்குக் கீழே ஒரு பக் இன நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

கால்நடை மாணவி

டாக்டர் விஷயம் நான் சொல்கிறேன். சாதாரண ஊசி, வயிற்றுப்போக்கு, காதுப்புண் இதற்கெல்லாம் உங்கள் ஏரியாவிலேயே ஒரு கிளினிக்கைப் பழக்கம் பண்ணிக்கொள்ளுங்கள். அடிபட்டது, அறுவை, நாளுக்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பது போன்ற பெரிய விஷயங்களுக்குக் குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். பயிற்சி மருத்துவமனை, அதனால் ஒரே நாயை மூன்று பேர் பார்ப்பார்கள், நேரம் ஆகும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார்கள், கோபப்படாதீர்கள், நாங்கள் கற்றுக்கொள்வது அப்படித்தான். காலையிலேயே வந்துவிடுங்கள். வரிசையில் பசுவும் ஆடும் நிற்கும், சென்னையில் வளர்ந்த நாய் மாட்டைப் பார்த்ததும் காட்டும் அலப்பறை தனிக்கதை, லீஷைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடியுங்கள்.

பழைய தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். குட்டியாக இருக்கும்போது ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை கூட்டு ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய்க்கான ஊசி, பிறகு பூஸ்டர் என்று போயிருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இந்த ஊருக்கு அது ரொம்ப அவசியம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில் நாய் நடந்து, பிறகு காலை நக்கும். வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று மெடிக்கலில் கேட்டு பாராசிட்டமாலோ இபுப்ரோஃபென்னோ கொடுக்காதீர்கள். நாய்க்கு அது விஷம். கல்லீரலும் சிறுநீரகமும் போன பிறகு எங்களிடம் வருகிறார்கள்.

சாரம் ராயல்

உண்ணி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே டாக்டரம்மா. போன கோடையில் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் எங்கள் ஸ்பிட்ஸை ஒரு போர்டிங்கில் விட்டேன், பெயர் வேண்டாம். போட்டோவில் புல்வெளி, நீச்சல் தொட்டி எல்லாம் இருந்தது. திரும்பி வந்து காதைத் திருப்பிப் பார்த்தால் உள்மடிப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக உண்ணி, காது நுனியே கனத்துத் தொங்கியது. அடுத்த வாரமே சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது, ஈறு வெளுத்துப் போயிற்று. உண்ணிக் காய்ச்சல். பிழைத்துவிட்டது, ஆனால் செலவான பணத்தைப் பார்த்தால் நாங்கள் ஊருக்கே போயிருக்க வேண்டாம்.

அதனால் போர்டிங் பார்க்கப் போகும்போது நீச்சல் தொட்டியைப் பார்க்காதீர்கள். கூண்டு இருக்கும் சுவரின் மூலையைப் பாருங்கள், வெடிப்பைப் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஏறும். உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை அவர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காத இடம் என்றால் மற்ற நாய்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியான வேளையில் போய் நில்லுங்கள். அப்போது எப்படி நாறுகிறதோ அதுதான் நிஜம்.

கால்நடை மாணவி

@சாரம் ராயல் சரியாகச் சொன்னீர்கள். உண்ணிக்கு இப்போது மாதம் ஒரு முறை மெல்லக் கொடுக்கும் மாத்திரை இருக்கிறது, எடைக்கு ஏற்றபடி டாக்டர் எழுதித் தருவார். வீட்டில் பூனையும் இருந்தால், நாய்க்கு மேலே ஊற்றும் சில உண்ணி மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும், வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் க்ரூமிங் கடையில் "வெயிலுக்கு மொட்டை அடிச்சிடலாம்" என்று சொன்னால் ஸ்பிட்ஸ், கோல்டன், ஹஸ்கி வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொள்ளவே கூடாது. அந்த இரட்டை முடிதான் அதற்குக் குடை. சீவி, உதிர்கிற முடியை எடுத்தால் போதும்.

பயந்தாங்கொள்ளி

எல்லோரும் நாய் வளர்ப்பவர்களாகவே பேசுகிறீர்கள், நான் வேறு பக்கம். என் பையனை மூன்றாம் வகுப்பில் ஒரு நாய் கடித்தது, தெருநாய் இல்லை, வீட்டு நாய், பட்டை போட்டது. "ஒண்ணும் செய்யாது" என்றார்கள், செய்தது. ஜிப்மரில் ஊசி போட்டோம். கடித்த நாளில் ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று தோலுக்குள் போடுகிற ஊசி, கடித்த இடத்திலேயே சீரம் வேறு. அவன் கதறியதை இன்னும் மறக்க முடியவில்லை. இப்போது மளிகைக் கடை வாசலில் நாய் கட்டியிருந்தால் அவன் உள்ளே வர மாட்டான், நான் ஒரு பாக்கெட் உப்புக்காக அடுத்த தெருவுக்குப் போகிறேன். கடை உங்களுக்கு வசதியாக இருக்கிறது, சரி. எங்களுக்கும் கடைதானே அது?

நாட்டுநாய்க் கட்சி

@பயந்தாங்கொள்ளி, உங்கள் பையனுக்கு நடந்ததற்கு வருத்தம். ஆனால் அதற்காக எல்லா நாயையும் வீட்டுக்குள்ளேயே அடைக்க வேண்டும் என்றால், அடைத்த நாய்தான் கடிக்கும். ஆளையே பார்க்காமல் வளர்ந்த நாய்க்கு ஆளைக் கண்டால் பயம், பயந்தால் கடி. கடைத்தெருவில் பழகிய நாய் திரும்பிக்கூடப் பார்க்காது.

பயந்தாங்கொள்ளி

அடைக்கச் சொல்லவில்லையே. வாசலில் கட்டாதீர்கள், ஓரமாகக் கட்டுங்கள், கயிறு குட்டையாக இருக்கட்டும் என்கிறேன். "ஒண்ணும் செய்யாது" என்று எட்டடி தள்ளி நின்று கத்தாமல், லீஷைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு "நீங்க போங்க" என்று வழி விட்டால் போதும். இது பெரிய கோரிக்கையா?

கடைக்காரன்

அம்மா சொல்வது நியாயம். என் வளையம் படிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தள்ளிப் பக்கச் சுவரில் அடித்துவிடுகிறேன், நிழலும் அங்கேதான் அதிகம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து

கடலூர்க்காரன் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடி என்று பேச்சு வந்ததால் ஒன்று. ஊசிக்கு ஓடும் முன் கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இங்கே இன்னும் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் ஊரில் நாயோடு போகும் கடை என்று தேடினால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வழியில் இருக்கும் மீன் கடைகள்தான். கஃபேயெல்லாம் நாங்கள் எதிர்பார்ப்பதே இல்லை. எங்கள் கோழிக்கடைக்காரரிடம் "நாய்க்கு" என்றால் போதும், கழுத்து, ஈரல், தலை எல்லாம் தனியாகக் கட்டி வைத்திருப்பார். மஞ்சள் போட்டு அரிசியோடு வேக வைத்துக் கொடுக்கிறோம், உப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது. வெந்த எலும்பை மட்டும் எடுத்துவிட வேண்டும், அது ஊசி மாதிரி உடையும். மூட்டையில் வரும் உணவை விட இதுதான் எங்கள் ராஜாவுக்குப் பிடிக்கிறது, மூட்டை உணவின் விலையைக் கேட்டால் எனக்கும் இதுதான் பிடிக்கிறது.

லாஸ்பேட்டைக்குப் புதுசு

இவ்வளவு பேர் பதில் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, நன்றி. @பயந்தாங்கொள்ளி, கோகோவைக் குட்டைக் கயிற்றில்தான் கூட்டிப் போகிறேன், இனி வாசலை விட்டும் தள்ளியே நிற்பேன். இரண்டு சந்தேகம். ஆட்டோ பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம், ஹோட்டல் கஃபேக்காரர்கள் "சட்டப்படி நாயை விடக் கூடாது சார்" என்கிறார்களே, நிஜமா?

முதலியார்பேட்டை பழசு

சட்டம் கேட்டீர்கள். உணவுப் பாதுகாப்புக்கான 2011 விதிமுறைகளின்படி சமைக்கும், உணவைக் கையாளும் இடத்துக்குள் விலங்கு வரக் கூடாது. வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் விடுவதும் விடாததும் முதலாளியின் விருப்பம். "சட்டம்" என்று அவர் சொன்னால் "எனக்கு விருப்பமில்லை" என்று எடுத்துக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், அவர் இடம்.

குடியிருப்பு வேறு. அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால், நாய் வளர்க்கவே கூடாது, லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பொது இடத்தில் கயிறு போட்டுக் கூட்டிப் போவதும் கழிவை அள்ளுவதும் உங்கள் பொறுப்பு. தெருநாய்க்குச் சோறு வைப்பது பற்றி 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, கட்டட வாசல் இவற்றை விட்டுத் தள்ளி, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், குறித்த நேரத்தில் வைக்க வேண்டும். பாதிச் சண்டைகள் இதைப் பின்பற்றாததால்தான். எங்கள் தெருவில் ஒரு மாமி அடுத்த வீட்டு கேட்டுக்கு முன்னால்தான் தினமும் தயிர்சாதம் வைப்பார், தன் கேட்டுக்கு முன்னால் வைக்க மாட்டார்.

ரயில் கேட்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன். ஏசி முதல் வகுப்பில் ஓர் அறையை முழுவதுமாக நீங்களே பதிவு செய்தால் கூடவே வரலாம், இல்லையென்றால் ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. லேபை அந்தக் கூண்டில் ஏற்றாதீர்கள். கார் வைத்துப் போங்கள்.

வைத்திக்குப்பம் வாசி

ஆட்டோவுக்கு நான் சொல்கிறேன். இந்த ஊர் ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் நாயோடு ஏறும் நாளில் மட்டும் போடாதீர்கள். நிறுத்தும்போதே நாயைக் காட்டிவிட்டு "தரையில் படுத்துக்கும், துண்டு போடுறேன், முடி விழுந்தா துடைச்சுத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், பத்துக்கு ஐந்து பேர் சரி என்பார்கள். நாயை மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு ஆட்டோவை நிறுத்துவது சென்னை பழக்கம், இங்கே செய்யாதீர்கள், அடுத்த முறை அதே ஆள்தான் வருவார், ஊர் அவ்வளவுதான். எங்களுக்கு முத்தியால்பேட்டை ஸ்டாண்டில் ஒருவர் வாடிக்கை, தீபாவளிக்கு மறுநாள் வெடிச்சத்தத்தில் ஓடிப்போன மணியை ஒரு கிலோமீட்டர் தள்ளி அடையாளம் கண்டு ஏற்றிக்கொண்டு வந்ததே அவர்தான்.

நாட்டுநாய்க் கட்சி

நடைபாதை பற்றியும் ஒன்று. லாஸ்பேட்டையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாய்க் கூட்டம், ஒவ்வொன்றுக்கும் எல்லை. கோகோவோடு நீங்கள் அந்த எல்லையைத் தாண்டினால் நாலு சேர்ந்து வரும். ஓடாதீர்கள், லீஷை இழுக்காதீர்கள். கல் எடுப்பது போலக் கீழே குனியுங்கள், கல்லே வேண்டாம், குனிந்தாலே பின்வாங்கும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் போனால் கொஞ்ச நாளில் அவையும் பழகிவிடும். வெயில் நாளில் ஒன்பது மணிக்கு மேல் வெளியே எடுக்காதீர்கள், புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள், உங்களால் ஐந்தாறு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு நாயைக் கூட்டிப் போகவே போகாதீர்கள், அங்கே மனுஷனையே மிதிக்கிறார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையும் அப்படித்தான்.

சாரம் ராயல்

@லாஸ்பேட்டைக்குப் புதுசு, போர்டிங்குக்கு மாற்று ஒன்று. நாங்கள் இப்போது ஆள் மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். நான் ஊருக்குப் போனால் எங்கள் தெரு ஜிம்மி வீட்டில் என் ராயல், அவர்கள் போனால் ஜிம்மி என்னிடம். காசு கிடையாது, திரும்பி வரும்போது ஏதாவது பலகாரம். ஆனால் இரண்டு நாயும் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும், இரண்டுக்கும் உண்ணி மாத்திரை அதே வாரம் கொடுத்திருக்க வேண்டும், சாப்பாட்டுத் தட்டு தனித்தனி. லேப் என்றால் தட்டைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

லாஸ்பேட்டைக்குப் புதுசு

அருமை. ஞாயிறு விடியற்காலை கோகோவோடு கலங்கரை விளக்கம் பக்கம் வருகிறேன், அள்ளும் பையும் குட்டைக் கயிறும் உண்டு. @வைத்திக்குப்பம் வாசி, அந்த ஆட்டோக்காரரின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? அவரிடம் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வைத்திக்குப்பம் வாசி

கேட்டுவிட்டேன். "எத்தனை கிலோ?" என்றார். 30-க்கு மேல் என்றேன், "அப்போ பின் சீட்டு அவனுக்கு, நீங்க என் பக்கத்துல" என்கிறார். எண் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.